அண்டி ஆபீசில் கேட்ட அவகாசம்

ஜெசிந்தா என்பது அவள் பெயர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளத்தூர் பஞ்சாயத்தில் அவள் வேலை பார்க்கும் இடம் எந்தச் சந்துக்குள் இருக்கிறது என்பதையும் சொல்லப்போவதில்லை. தேடிப் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பக்கத்துச் சந்துகள் எல்லாவற்றிலும் அதே தென்னை, அதே ரப்பர், அதே பாசி பிடித்த மதில்தான்.

நான் திருப்பூர்க்காரி. பனியன் கம்பெனிகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. இந்த முறை என்னைக் கூப்பிட்டவள் டெல்லியிலிருந்து வந்த ரித்து. தொழிற்கூடங்களை அரசாங்கம் எப்படி ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. சுதந்திரம் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே நம் நாடும் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டபடி நடக்கிறோமா என்று நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. “கேரளா எல்லையில் ஒரு முந்திரி ஆலை. அங்குள்ள பெண்கள் தமிழ் பேசுகிறார்கள். வருகிறீர்களா?” என்றாள். தமிழ்தானே, அதில் என்ன கஷ்டம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தத் 'தானே' என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கியதும் மழை. எங்கள் ஊரில் மழை வருமுன் நாலு நாள் மிரட்டும். இங்கே கேட்காமல் கொள்ளாமல் வந்து, நனைத்துவிட்டு, போய்விடுகிறது. ஆட்டோக்காரர் என்னிடம் தமிழிலும், போனில் மனைவியிடம் மலையாளத்திலும், குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனிடம் இரண்டும் கலந்தும் பேசினார். திட்டு மட்டும் சுத்தத் தமிழில் இருந்ததில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

நெய்யாற்றின்கரையில் தங்கல். மத்தியானம் ஓட்டலில் குண்டரிசிச் சோறு போட்டார்கள். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக வயிற்றுக்குள் இறங்குவது தெரிந்தது. கூடவே இளஞ்சிவப்பாக வெந்நீர். ரித்து அதைச் சர்பத் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் என்று பரிமாறுகிறவர் சொன்னார். எனக்குப் பிடித்துப்போய் மூன்று தம்ளர் குடித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே ரித்து உடன்படிக்கையை எனக்கு விளக்கினாள். அவளுக்கு அது மனப்பாடம். ஆய்வாளர் முன்கூட்டிச் சொல்லாமல், பகலோ இரவோ, எந்த வேலையிடத்துக்குள்ளும் நுழையலாம். தொழிலாளியிடம் தனியாகப் பேசலாம். புகார் கொடுத்தது யார் என்று மூச்சு விடக்கூடாது. “யார் என்று மட்டும் இல்லை. புகார் வந்ததால்தான் வந்தேன் என்பதையே முதலாளியிடம் சொல்லக்கூடாது” என்றாள். நான் திருப்பூரில் பார்த்த ஆய்வுகளை நினைத்துக்கொண்டேன். வருகிறவர்களுக்கு முந்தின வாரமே ஓட்டலில் ரூம் போட்டு வைப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனோம். ஆலைப் பெண்களில் ரித்துவிடம் பேசத் தானாகவே முன்வந்தவள் அவள்தான். அது கடற்கரைப் பக்கம். அவள் புருஷன் வள்ளத்தில் போகிறவர், ஆனால் அந்த வாரம் கடல் சரியில்லாமல் வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்தன. கடல் சரியில்லாத நாளிலெல்லாம் வீட்டுக்கு அடுப்பு எரிவது இவள் முந்திரி உடைப்பதால்தான். மரச்சீனி என்று அவர்கள் சொல்லும் அவித்த மரவள்ளியும் சாளை மீன் கறியும் தட்டில் வந்தன. ரித்து முள்ளுக்குப் பயந்து குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டாள். நான் அவள் பங்கையும் சேர்த்து ஒரு கை பார்த்தேன்.

ஜெசிந்தாவின் விரல்கள் கறுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“தோட்டெண்ணெயாக்கும் அக்கா. அண்டி தல்லியவளுக்க கை இப்பிடித்தான் இருக்கும். கழுவினாலும் போவாது.”

அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. தோட்டெண்ணெய் அதன் ஓட்டிலிருந்து கசிந்து தோலை அரிக்கும் எண்ணெய். தல்லுவது என்றால் உடைப்பது. முந்திரி ஆலைக்கு அவர்கள் அண்டி ஆபீஸ் என்கிறார்கள். முதலில் கேட்டபோது மேசை, நாற்காலி, மின்விசிறி என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

ஆய்வாளருக்குப் போன் போட்டுப் புகார் சொன்னதும் அவள்தான். அதற்கான காரணத்தைச் சொன்னாள். அவர்கள் உட்கார்ந்து தல்லும் கொட்டகைக்கு இரண்டு வாசல். முன்வாசலை ஒட்டி வறுக்கும் டிரம். பின்வாசலை வெளியிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பெண்கள் பருப்பைக் கடத்திவிடுவார்களாம்.

“ஒரு நாளு டிரம்முல தீ மேல ஏறிச்சு. ஒரே பொகை. முன்வாசல் பக்கம் போவ முடியல்ல. எல்லாரும் பின்வாசலுக்கு ஓடினோம். தள்ளுதோம், இடிக்குதோம், கெடந்து விளிக்குதோம். சாவி மானேஜருக்க கையில. அவரு சாயை குடிக்கப் போயிட்டாரு. நல்லவேளை தீ தானா அமந்துச்சு. ஆருக்கும் ஒண்ணும் ஆகல்ல.”

ஒருவருக்கும் ஒன்றும் ஆகாததால் சங்கிலி அப்படியே இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “அதுகொண்டு நான் விளிச்சு கேட்டேன். அந்த வாசல் எங்களுக்க அவகாசமாக்கும். எங்களுக்கு அவகாசம் தாங்கண்ணு சாறிட்ட கேட்டேன்” என்றாள்.

நான் ரித்துவிடம் திருப்பிச் சொன்னேன்: அந்த வாசல் திறந்திருந்தால் தப்பிக்க நேரம் கிடைக்கும், நேரம் கொடுங்கள் என்று ஆய்வாளரிடம் கேட்டிருக்கிறாள். ரித்து புருவத்தைச் சுருக்கினாள். “நேரம் கேட்பது எப்போதும் கம்பெனிக்காரர்கள் அல்லவா? இவள் ஏன் நேரம் கேட்கிறாள்?”

'டைம்' என்ற சொல் ஜெசிந்தாவின் காதில் விழுந்துவிட்டது. “டைமா? ஆரு டைம் கேட்டா?”

“நீங்கதானுங்களே சொன்னீங்க, அவகாசம் வேணும்னு?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “எக்கா, அவகாசம்னா ரைட்டாக்கும், ரைட்டு! வோட்டவகாசம்னா என்ன, வோட்டு போட டைமா?”

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. எல்லையில் தமிழ் பேசுகிறவர்களும் அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். நாம் நேரம் என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். ஒரே சொல், எல்லையின் இரண்டு பக்கமும் வேஷத்தை மாற்றிக்கொண்டு நிற்கிறது. பல வருஷ மொழிபெயர்ப்புக்காரிக்கு மானம் போன சாயங்காலம் அது. ரித்து தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

கிளம்பும்போது ஜெசிந்தா சிரிப்பை நிறுத்திவிட்டாள். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள். முன்பு ஒருத்தி இதே மாதிரி புகார் சொன்னாளாம். யார் சொன்னது என்று வெளியே தெரிந்துவிட்டதாம். அன்றோடு அவளுக்கு வேலை போனது. இங்கிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் எந்த அண்டி ஆபீசிலும் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது காட்டாக்கடைச் சந்தையில் வெற்றிலை விற்கிறாளாம்.

“நாளைக்கு நீங்க அங்க வருவீங்க. என்னக் கண்டா தெரிஞ்ச பாவம் காட்டப்பிடாது. கேட்டியளா அக்கா? எனக்க சோத்துல மண்ணு விழுந்துரும்” என்றாள். அவள் வீட்டு மரச்சீனி என் வயிற்றில் கனத்தது.

மறுநாள் ஆய்வாளரோடு போனோம். அவரை சஜீவ் சார் என்று சொல்கிறேன். மலையாளி, நிதானமான மனிதர், நிறைய இடங்களை ஒற்றை ஆளாகப் பார்க்க வேண்டியவர். அரசாங்க ஜீப். காலையில் சாப்பிட்ட புட்டும் கடலையும் ஜீப்பின் ஆட்டத்தில் தொண்டைவரை வந்து போயின. ஒரு முக்கில் சாயைக்கடை. அதைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பியதும் ஆலை.

கேட் திறந்தே இருந்தது. மேனேஜர் முருகேசன் கேட்டிலேயே நின்றார், கையில் சீவிய இளநீர். விருதுநகர்ப் பக்கத்து ஆள், இங்கே வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. “வாங்க சார், வாங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க” என்றார். வெயிலே இல்லை.

பின்வாசல் விரியத் திறந்திருந்தது. வாசலில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வேறு. சங்கிலியைக் காணோம், கதவுக் கொண்டியில் அது உரசிய துருத் தடம் மட்டும் புதிதாக இருந்தது. பெண்கள் எல்லோரும் ரப்பர் கையுறை போட்டிருந்தார்கள். மடிப்புக் கலையாத கையுறை. ஜெசிந்தா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை ஒரு தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நானும் தூணாக நின்றேன். நேற்று ராத்திரி சாளைக் கறி அபாரம் என்று சொல்லத் துடித்த வாயைக் கடித்துக்கொண்டேன்.

அவர்களுக்கு மேஸ்திரி ஒரு அம்மாள், தங்கபாய். உள்ளூர்க்காரர், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். வெள்ளைப் புடவை, கண்ணாடி, இறுகிய வாய். வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். அவர் பார்வை படும் இடத்தில் பேச்சு நின்றது. முதலாளியின் ஆள் என்று ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டேன்.

முருகேசன் இளநீரை நீட்டியபடியே சிரித்தார். “யாரோ உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்க போல. நாங்களே கண்டுபிடிச்சுப் பேசிக்கிறோம் சார். நம்ம குடும்பத்துக்குள்ள விஷயம்.”

சஜீவ் சார் இளநீரை வாங்கவில்லை. புகாருக்கு அவர் ஊர்ச் சொல் பராதி. “பராதி உண்டுன்னு நான் சொன்னேனா? இது சாதாரண ஆய்வு” என்றார். அத்தோடு ஆய்வு முடிந்தது. பார்க்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

திரும்பும் வழியில் அந்த முக்குக் கடையில் சாயை குடித்தோம். ரசவடை நன்றாக இருந்தது. நான் இரண்டாவதைக் கடித்தபோது கடைக்காரர், எங்களுக்கு முதுகைக்கூடக் காட்டாமல், போனை எடுத்தார். “ஜீப்பு திரும்பிப் போவுது” என்று சொல்லிவிட்டு வைத்தார். நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம். அவருக்குக் கூச்சமே இல்லை. “கல் குவாரிக்கும் சொல்லுவேன், பேக்கரிக்கும் சொல்லுவேன். ஒரு உபகாரம், அவ்வளவுதான்” என்றார். காசுக்காகச் செய்பவராகவும் தெரியவில்லை. மழை வருது, துணியை எடு என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதுபோலத்தான் அவருக்கு இது.

ரித்து ஜீப்பில் ஏறியதும் பொரிந்து தள்ளினாள். முன்கூட்டிச் சொல்லாமல் போகலாம் என்று சட்டத்தில் எழுதி என்ன புண்ணியம், ஊரே சொல்லிவிடுகிறதே என்றாள். சஜீவ் சார் அந்தக் கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நேற்று வந்தவன் இன்றும் வருவான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். நாளைக்கே போவோம். ஜீப் வேண்டாம்” என்றார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அவரைத் தேடினேன். காணவில்லை. முண்டு உடுத்து, தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டி, தோளில் ஒரு ஏத்தங்குலையைச் சுமந்துகொண்டு நின்ற ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்தான். வாழைக்குலையோடு வரும் அதிகாரியை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லையாம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இன்று பிடிபட்டால் முருகேசன் சும்மா இருக்கமாட்டார். யார் சொன்னது என்று ஒவ்வொருத்தியாகக் கிளறுவார்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் குலைக்குத் தனி டிக்கெட் போட்டார். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா குலையைத் தட்டிப் பார்த்து, “இது இன்னும் மூக்கல்லயே, பிஞ்சாக்கும், எதுக்கு வெட்டினியரு?” என்று ஆய்வாளரை அதட்டினார். அவர் குற்றவாளிபோல விழித்தார். அடுத்த ஏற்றத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கி, கீழே குனிந்து பார்த்து, எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி அரசாங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆட்டோ பிடித்தோம். ரித்துவின் முகம்தான் ஆபத்து. நேற்று வந்த டெல்லிக்காரி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அவள் தலையில் என் சால்வையைப் போட்டு நடுவில் உட்கார வைத்து, மடியில் குலையை ஏற்றினோம். முக்குக் கடை வந்தது. கடைக்காரர் ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினார். ஆட்டோ நின்றுவிட்டது.

“குலை விக்கியதா?”

நான் ரித்துவின் தலையில் கிடந்த சால்வையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். சஜீவ் சார் துவர்த்தைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு மலையாளத்தில் ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு ஒரு தோப்பையே வாங்கலாம் என்பது கடைக்காரரின் முகத்தில் தெரிந்தது. ரித்துவைக் காட்டி, இவளுக்கு என்ன என்று கேட்டார். “காய்ச்சலுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க” என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார். ஆட்டோ சந்துக்குள் திரும்பும்வரை நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுக்கவில்லை.

கேட்டில் இருந்தவர் குலையைப் பார்த்ததும், மேனேஜர் சொல்லி வந்தது என்று நினைத்துத் திறந்துவிட்டார். சஜீவ் சார் குலையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்தார். பின்வாசல் மூடியிருந்தது. சங்கிலி. பூட்டு. குரோட்டன்ஸ் தொட்டி ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து கொட்டை உடைபடும் சத்தம், அத்தனை பெண்களும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். சஜீவ் சார் போனில் படம் எடுத்தார். அதற்குள் முருகேசன் ஓடி வந்துவிட்டார். செருப்பு ஒன்றைக் காணோம்.

“சாவி” என்றார் சஜீவ் சார்.

சங்கிலி கழன்றது. அதை அவர் எழுத்தில் பதிந்துகொண்டார். பிறகு, தொழிலாளர்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். முற்றத்துப் பலாமரத்தடியில் ஒருத்தி ஒருத்தியாக வந்தார்கள். ரித்து கேட்பாள், நான் தமிழில் கேட்பேன், ஆய்வாளர் கேட்டுக் குறித்துக்கொள்வார். முருகேசனைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் தள்ளித்தான் நின்றார், ஆனால் காது எங்கள் பக்கமே இருந்தது. எல்லோரும் ஒரே பதில்: தெரியாது, கவனிக்கல்ல, தெரியாது.

ஜெசிந்தா வந்தாள். இந்த வாசலைப் பற்றி யாராவது யாரிடமாவது கேட்டதுண்டா என்று எல்லோரையும் கேட்டதையே அவளையும் தாழ்ந்த குரலில் கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போ தாயே என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவள் கறுத்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு சங்கிலி கிடந்த இடத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன்.

“எதுக்கு தெரியாதுண்ணு சொல்லணும்? அது எங்களுக்க அவகாசமாக்கும். நான்தான் அவகாசம் கேட்டேன்!”

உள்ளே தல்லும் சத்தம் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. அவள் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. முருகேசன் வேகமாக வந்தார்.

“என்ன? என்ன கேட்டேங்கிறா?”

சஜீவ் சாருக்குப் புரிந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் புகார் ஒன்று உண்டு என்று ஆகிவிடும். ரித்துவுக்கு எதுவும் புரியவில்லை. ஜெசிந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முருகேசன் என்னைப் பார்த்தார். தமிழ்நாட்டுத் தமிழுக்கு அங்கே இன்னொரு ஆள் நான் மட்டும்தான்.

“அவகாசம் கேட்டாங்களாமுங்க” என்றேன். என் குரல் எனக்கே தள்ளிக் கேட்டது. “கஞ்சி குடிக்க விடற நேரம் பத்தலையாமா. இன்னும் கொஞ்சம் அவகாசம் குடுத்தா நல்லா இருக்கும்னு கேட்டிருக்காங்க.”

முருகேசன் நம்பலாமா என்று யோசித்தார். பிறகு திரும்பினார். “தங்கபாய்! இந்தம்மா சொல்றது சரியா? அவ என்ன கேட்டா?”

அந்த அம்மாள் உள்ளூர்க்காரர். அவகாசம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார், திறந்து கிடந்த பின்வாசலைப் பார்த்தார். இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

“ஓ, அவகாசம்தான் கேட்டா” என்றார் தங்கபாய். “வேற ஒண்ணும் கேக்கல்ல சார்.”

“அட, இதுக்கா?” முருகேசன் மூச்சு விட்டார். “நேரா எங்கிட்டக் கேட்டா குடுக்கமாட்டேனா?” சஜீவ் சார் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா உள்ளே போனாள். தங்கபாய் கைதட்டி, “எடீ, தல்லுங்க” என்று எல்லோரையும் விரட்டினார்.

சந்திலிருந்து வெளியே வந்ததும் நான் ஒரு மதில்மேல் உட்கார்ந்துவிட்டேன். ரித்துவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் நோட்டை மூடினாள். “அப்படியானால் இன்று நீங்கள் வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்த்தீர்கள்” என்றாள். ஆமாம் என்றேன். அன்று ராத்திரி பொரித்த மீன்கூட எனக்கு இறங்கவில்லை, அது என் சரித்திரத்தில் இல்லாத விஷயம்.

கிளம்பும் நாள். மத்தியானம் ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள். காலையில் முருகேசன் எல்லோரையும் கூட்டி அறிவித்தாராம்: இன்றுமுதல் கஞ்சி குடிக்க அவகாசம் கூட்டியாச்சு. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒருத்திக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

“சங்கிலி?” என்றேன்.

“சங்கிலி போச்சு அக்கா. அதுக்குப் பகரம் வாசலுக்கு உள்ள அண்டி மூட்டைய அட்டியா அடுக்கி வெச்சாச்சு. ஒரு பூனை போவ எடமில்ல. ஞாங்க அவகாசம் கேட்டோம். அவரு அவகாசம் தந்தாரு.” சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. “நான் இனி விளிக்க மாட்டேன். பயமாட்டு உண்டு. நேத்து அந்த மேஸ்திரி வாயைத் தொறந்திருந்தா, தீந்தேன்.”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளைக் காப்பாற்றினேன் என்று ஒரு ராத்திரி முழுக்க என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உரிமையை நேரமாக்கிக் கொடுத்ததுதான் நான் செய்த காரியம். ரித்து அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். நான் துணியை மடித்துப் பையில் திணித்தேன்.

சாயங்காலம் ரயிலுக்காகப் பாறசாலைக்கு வந்து இறங்கியபோது பஸ் நிறுத்தத்தில் முண்டும் துவர்த்துமாக ஒருவர் நின்றார். தோளில் இந்த முறை ஒரு பலாப்பழம். நான் ஓடிப்போய் எதிரில் நின்றேன். “சார்! யார் கூப்பிட்டாங்க? ஜெசிந்தாவா?”

சஜீவ் சார் பலாப்பழத்தை மறு தோளுக்கு மாற்றினார். “பராதி உண்டுன்னு நான் சொன்னேனா? சாதாரண ஆய்வு” என்றார். பஸ் வந்தது. கண்டக்டரோடு பழத்துக்கு டிக்கெட் வேண்டுமா என்று வாதாடிக்கொண்டே ஏறிப்போனார்.

ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, எல்லையைத் தாண்டிக் குழித்துறையில் நின்றிருந்தபோது ஜெசிந்தா மறுபடி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. “எக்கா, சாறு வந்தாரு! மூட்டை முழுசையும் மாத்த வெச்சு, மானேஜரையே அந்த வாசல் வழியா நாலு தடவை நடக்க வெச்சாரு. வாசல் தொறந்து கெடக்கு!”

“நீங்கதான கூப்பிட்டீங்க?”

“சத்தியமாட்டு நான் இல்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “இன்னைக்குக் கஞ்ஞி நேரம் கூடுதலாட்டு தந்தாருல்லா. எல்லாரும் இருந்து கஞ்ஞி குடிச்சோம். மேஸ்திரி மட்டும் குடிக்கல்ல. போனும் எடுத்துக்கிட்டு, நீங்க எங்ககிட்ட கேள்வி கேட்ட அந்தப் பிலா மூட்டுக்குப் போச்சு. திரும்பி வந்து ஒண்ணும் நடக்காததுபோல, தல்லுங்கடீன்னு சத்தம் போட்டுது.”

ரித்து எதிர் இருக்கையிலிருந்து என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதையும் மொழிபெயர்த்தேன், இந்த முறை ஒரு சொல் மாற்றாமல். அவள் எழுதத் தொடங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

தங்கபாய் என்பதும் அவருடைய பெயர் இல்லை.